கம்பி வலை தொய்கிறதா, பிரிகிறதா, துருவேறுகிறதா? வீட்டிலேயே சரிசெய்யும் வழி

கம்பி வலை வேலையில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஜன்னல் வலை தொய்ந்தால் உடனே வலையைக் குறை சொல்கிறார்கள். கழற்றி வீசிவிட்டுப் புது வலை வாங்கி அதே சட்டத்தில் அடிக்கிறார்கள். சில மாதங்களில் அதுவும் தொய்ந்து நிற்கிறது. குறை பெரும்பாலும் வலையின் ஓரத்தில்தான் இருக்கும். ஓரத்தைப் பிடித்திருக்கும் சட்டம், ரப்பர் பீடிங் (வலையைச் சட்டத்தின் பள்ளத்தில் அழுத்திப் பிடிக்கும் ரப்பர் கயிறு), மடிப்பு, திருகு, இவற்றில் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்திருக்கும். அதனால் கீழே எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் ஓரத்தைப் பாருங்கள். வலையை மாற்றுவது கடைசி.

ஜன்னல் கொசு வலை, மொட்டைமாடி மழைநீர்க் குழாயின் வாய்ச் சல்லடை, செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் மூடி, கோழி, பறவைக் கூண்டு ஆகிய அளவிலான வேலைகளுக்கு இது போதும்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். கையுறையும் கண் கண்ணாடியும் இல்லாமல் வலையில் கை வைக்காதீர்கள். வெட்டிய கம்பி முனை தெறித்தால் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல், நீங்களே எடுக்க முயலாமல் கண் மருத்துவரிடம் போங்கள். துருப்பிடித்த கம்பி ஆழமாகக் கிழித்தால் டெட்டனஸ் தடுப்பூசி நிலவரத்தை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, கடையில் கேட்கும் அளவு. மெஷ் எண் என்பது வலையில் ஒரு அங்குலத்தில் எத்தனை கண் (ஓட்டை) என்பது. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 16 கேஜ் சுமார் 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9. "கெட்டியா வேணும்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கையில் இருப்பதைத்தான் தருவார். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

## ஜன்னல் கொசு வலை தொய்கிறது, அலையாக நிற்கிறது

அதிகம் வரும் குறை இதுதான். சட்டத்தைக் கழற்றி மேசையில் படுக்க வைத்துவிட்டுப் பாருங்கள். ஜன்னலில் நிற்க வைத்தபடி பார்த்தால் காரணம் தெரியாது.

ரப்பர் பீடிங் பள்ளத்தை விட்டு எழும்பியிருக்கிறதா?

விரல் நகத்தால் பீடிங்கை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தால் வெயிலில் ரப்பர் செத்துவிட்டது. வலையைத் தொடாமல் பீடிங்கை மட்டும் மாற்றினால் போதும். மென்மையாகவே இருந்தும் வெளியே வருகிறது என்றால் அளவு தவறு. பழைய துண்டு ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். நைலான் வலையிலிருந்து எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வலைக்கு மாறியவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். கம்பி வலையே பள்ளத்தில் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்வதால் அதற்கு ஒரு அளவு மெலிந்த பீடிங் வேண்டும். பழைய தடிமனையே போட்டு அடித்து ஏற்றினால் மறுநாளே எழும்பும்.

பீடிங் இறுக்கமாக இருக்கிறது, வலை மட்டும் தொய்வு

வலை ஒருபக்கமாக இழுத்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. பீடிங்கை உருவிவிட்டு மறுபடி பொருத்துங்கள். வலை நான்கு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். முதலில் நீளமான ஒரு பக்கம். அங்கே வலையின் ஒரு கம்பி பள்ளத்துக்கு இணையாக ஓடுகிறதா என்று கண்ணால் ஒட்டிப் பாருங்கள். இது கோணினால் அடுத்த மூன்று பக்கமும் கோணும். கம்பி வலையானால் பீடிங் ரோலரின் (இரண்டு முனையிலும் சக்கரம் உள்ள கைக்கருவி) குவிந்த சக்கரத்தால் முதலில் வலையை மட்டும் பள்ளத்தில் மடித்து இறக்குங்கள். அப்புறம் குழிந்த சக்கரத்தால் பீடிங்கை ஏற்றுங்கள். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் செய்தால் மெல்லிய கம்பி பள்ளத்தின் விளிம்பில் பட்டு அறுந்துவிடும்.

முதல் பக்கம் முடிந்ததும் அடுத்தடுத்த பக்கமாகச் சுற்றி வாருங்கள். கையால் லேசாக நீவிப் பிடித்தால் போதும். பீடிங் உள்ளே இறங்கும்போதே வலையை இழுத்துக்கொள்ளும்.

ஒரு மூலையில் மட்டும் சுருக்கம்

மூலையில் வலை இரண்டு மடிப்பாகத் திணிந்திருக்கும். அந்த மூலையில் மட்டும் பீடிங்கை ஒரு சாண் உருவி, வலையின் மூலையைச் சாய்வாகக் கத்தரித்து மறுபடி இறக்குங்கள்.

சட்டத்தின் நீளப் பக்கம் உள்வாங்கி இடுப்பு ஒடுங்கியிருக்கிறது

சட்டத்தின் நடு அகலத்தை அளந்து, மேல் கீழ் அகலத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு நூலுக்கு மேல், அதாவது 3 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தால் சட்டம் வளைந்துவிட்டது. வலையை அளவுக்கு மீறி இழுத்ததால் வருவது இது. வலையைக் கழற்றியதும் சட்டம் தானாக நேரானால் பிரச்சினை இல்லை. சரியான உள் அகலத்துக்கு ஒரு மரத்துண்டை வெட்டி, நடுவில் குறுக்கே முட்டுக் கொடுத்துவிட்டு வலையைப் பொருத்துங்கள். எல்லாம் முடிந்த பிறகு அந்த மரத்துண்டை எடுத்துவிடலாம். மூன்றடிக்கு மேல் நீளமுள்ள மெல்லிய அலுமினிய சட்டத்துக்கு முட்டு போதாது. நிரந்தரமாக ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும்.

வலையைக் கழற்றியும் சட்டம் நேராகவில்லை, அல்லது மூலை இணைப்பு விரிசல் விட்டிருக்கிறது என்றால் அலுமினியம் பேப்ரிகேஷன் கடைக்கு எடுத்துப் போங்கள். மூலை வெட்டை அவர்களுடைய மெஷின் வெட்டுகிற சுத்தத்தில் கை ரம்பத்தால் வெட்ட முடியாது.

## வலை நன்றாக இருக்கிறது, ஆனாலும் கொசு வருகிறது

முதலில் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரு நூல் வித்தியாசத்துக்குள் இருந்தால் சட்டத்தின் மூலைகள் செங்கோணம்தான், ஜன்னல் பொந்துதான் கோணல். பழைய வீடுகளில் பூச்சு வேலையால் இது சகஜம். சட்டத்தை இழைக்கவோ அறுக்கவோ வேண்டாம். சட்டத்தின் ஓரத்தில் பிரஷ் பட்டையோ ஃபோம் பட்டையோ ஒட்டினால் இடைவெளி அடைபடும். அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் வெளிச்சக் கீற்று தெரிகிற இடம்தான் வழி.

மூலைவிட்டம் ஒத்துப்போகவில்லை என்றால், எந்த மூலைவிட்டம் நீளமோ அதன் இரண்டு முனைகளையும் கயிறு போட்டு மெல்ல இறுக்கி, அளந்து பார்த்து, மூலைத் திருகுகளை முறுக்குங்கள். வலையைப் பொருத்திய பிறகு இதைச் செய்தால் வலை சுருங்கும் என்பதால் முதலில் வலையை எடுத்துவிடுங்கள்.

வெல்க்ரோ வைத்து ஒட்டிய வலையானால் சுவரில் விரலைத் தேய்த்துப் பாருங்கள். விரலில் மாவு ஒட்டினால் பட்டை அந்த மாவின் மேல்தான் ஒட்டியிருக்கிறது, சுவரில் ஒட்டவில்லை. ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதுப் பட்டை ஒட்டுங்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கொசு வலை எந்தக் குழந்தையின் எடையையும் தாங்காது, எஸ்.எஸ். வலையாக இருந்தாலும் தாங்காது. கிரில் இல்லாத மாடி ஜன்னலில் வலையை நம்பிக் குழந்தையை விடாதீர்கள். மாடி ஜன்னலின் வெளிப்பக்கம் வேலை செய்ய வேண்டியிருந்தால் எட்டிப் பிடித்துச் செய்ய வேண்டாம். அதற்குரிய ஆளைக் கூப்பிடுங்கள்.

## வெட்டும்போது ஓரம் பிரிந்து வருகிறது

நெய்த வலையில் கோடு ஒரு கண் தாண்டினாலும் கம்பி உருவிக்கொண்டு வரும். வெட்டப் போகிற வரிசையில் மாஸ்க்கிங் டேப்பை இரண்டு பக்கமும் ஒட்டி, டேப்பின் நடுவே வெட்டுங்கள். அளவு கோட்டைவிட ஒரே கண் வரிசையைப் பின்பற்றுவது முக்கியம்.

டேப் ஒட்டியும் பிரிகிறது என்றால் கத்தரியைப் பாருங்கள். தகரக் கத்தரியின் நடுத் திருகு தளர்ந்திருந்தால் கம்பியை வெட்டாமல் மடித்து நசுக்கும். திருகை முறுக்கிவிட்டு ஒரு கம்பியில் சோதியுங்கள்.

வெட்டிய பிறகு ஓரத்தை அப்படியே விடாதீர்கள். அரை அங்குலம் மடித்து, அதையே இன்னொரு மடிப்பு மடித்து, மரச்சுத்தியால் தட்டிவிட்டால் முனையெல்லாம் உள்ளே போய்விடும். மடிக்க முடியாத தடித்த கம்பியானால் பிசிரை அரத்தால் தேய்த்து, நெடுக்காகக் கீறிய மெல்லிய பிளாஸ்டிக் குழாயை ஓரத்தில் ஏற்றுங்கள்.

வெல்டு மெஷ்ஷில், அதாவது கம்பிகளைக் குறுக்கே வைத்து வெல்டு செய்த வலையில், கம்பியைப் பற்றுக்கு (வெல்டு வைத்த புள்ளிக்கு) ஒட்டினாற்போல வெட்ட வேண்டும். பாதிக் கண்ணில் வெட்டினால் ஈட்டி முனைகள் நீட்டி நிற்கும்.

## மடித்த வலை திரும்ப விரிகிறது

எஸ்.எஸ். வலை ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையைவிட அதிகம் திமிறும். அது வலையின் குணம். செங்கோணம் வேண்டுமென்றால் 95 முதல் 100 பாகை வரை மடித்து விடுங்கள். திரும்பி வந்து நிற்கும் இடம் சரியாக இருக்கும். புதுச் சுருளிலிருந்து ஒரு துண்டை வெட்டி மடித்துப் பார்த்தாலே எவ்வளவு கூடுதல் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மடிப்பு நேராக வரவில்லை. கையால் மடித்தால் இப்படித்தான் வரும். இரண்டு இரும்பு ஆங்கிள்களுக்கு நடுவே வலையை வைத்து, சி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். மரச்சுத்தியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை லேசாகத் தட்டிக்கொண்டே போய், மறுபடி தொடக்கத்துக்கு வாருங்கள். ஒரே இடத்தில் அடித்து முழு மடிப்பையும் கொண்டுவர முயன்றால் அந்த இடம் பள்ளமாகும். இரும்புச் சுத்தியல் வேண்டாம். துத்தநாகப் பூச்சு நசுங்கிய இடத்தில்தான் முதலில் துரு வரும்.

மடிப்பில் வெல்டு விட்டுப்போகிறது. மடிப்புக் கோடு பற்றுகளின் மேலேயே போகிறது. கோட்டை அரைக் கண் தள்ளி, இரண்டு பற்றுகளுக்கும் நடுவில் கொண்டுவாருங்கள்.

சுருளின் வளைவு போகவே மாட்டேன் என்கிறது. தரையில் வைத்து மிதிப்பதால் ஆகாது. வலையைத் திருப்பி, எதிர்ப்பக்கமாக ஒரு தடித்த குழாயில் சுற்றிச் சற்று நேரம் கட்டி வையுங்கள். முதலில் அகலமான குழாய், போதாவிட்டால் ஒடுங்கியது.

## கிண்ணம், கூம்பு செய்யும்போது சுருங்குகிறது அல்லது கிழிகிறது

மழைநீர்க் குழாயின் வாயில் தட்டையான வலையை வைத்தால் இரண்டு மாவிலை விழுந்ததும் அடைத்துக்கொள்ளும். எழும்பி நிற்கும் வடிவம் வேண்டும். அதனால் இந்த வேலை அடிக்கடி வருகிறது.

நெய்த வலை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நீளாது. மூலைச் சாய்வாக மட்டும் நழுவிக் கொடுக்கும். உருண்டையான கட்டையின் மேல் அழுத்தும்போது சுருக்கம் அந்த நான்கு சாய்வுத் திசைகளில்தான் திரளும். பலர் சுருக்கத்தின் மேலேயே சுத்தியால் தட்டுகிறார்கள். அது மடிப்பாக உறைந்துவிடும். சுருக்கம் இருக்கும் திசையில் ஓரத்தைக் குறட்டால் பிடித்து வெளிப்பக்கம் இழுங்கள். நான்கு திசைகளிலும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் சுருக்கம் வழிந்து போகும். இதற்கு ஓரத்தில் பிடிமானம் வேண்டும் என்பதால் வலையை முதலிலேயே தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

இழுத்தும் போகவில்லை என்றால் ஆழம் அதிகம். அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் வேண்டுமானால் நான் கிண்ணத்தை விட்டுவிட்டுக் கூம்பு செய்வேன். அதற்குக் கணக்கு சுலபம். அரைவட்டமாக வெட்டிய வலையைச் சுருட்டினால், வரும் கூம்பின் அடி அகலம் அந்த அரைவட்டத்தின் ஆரத்துக்குச் சமம். 11 சென்டிமீட்டர் அடி வேண்டுமென்றால் 11 சென்டிமீட்டர் ஆரத்தில் அரைவட்டம். நேர் விளிம்பின் ஒரு பாதியில் மேலடுக்குக்கு 2 சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டு, சுருட்டிய பின் மெல்லிய கம்பியால் தையல் போல் கட்டினால் முடிந்தது.

பித்தளை, செம்பு வலை கிழிகிறது என்றால் வேலை செய்யச் செய்ய இறுகிவிட்டது. மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் தோய்த்தால் மறுபடி இளகும். ஜி.ஐ. வலையில் இதைச் செய்யவே கூடாது. துத்தநாகம் 419 பாகை செல்சியஸில் உருகிவிடும், பூச்சும் போகும், புகையும் வரும். எஸ்.எஸ். இளக 1,000 பாகைக்கு மேல் வேண்டும், அது வீட்டு வேலை இல்லை.

செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். 110 மில்லிமீட்டர் குழாய்க்கு 20 சென்டிமீட்டர் சதுர வலையை மேலே போர்த்தி, ஓரத்தைக் கீழே மடித்து, ஹோஸ் கிளாம்ப் போட்டால் போதும். இந்த இடத்துக்கு ஜி.ஐ. வலை சரிவராது, தொட்டி வாயு அரித்துவிடும். நைலானோ எஸ்.எஸ்.ஸோ போடுங்கள். இந்த ஒரு குழாயை மூடாமல் வீடு முழுக்க ஜன்னல் வலை அடிப்பதில் அர்த்தம் இல்லை. கொசு அந்தத் தொட்டிக்குள்ளும் முட்டையிட்டுப் பெருகும்.

## வெல்டு மெஷ்ஷில் பற்றுகள் விட்டுப்போகின்றன

அங்கங்கே ஒன்றிரண்டு என்றால் கட்டுக்கம்பியைக் குறுக்குமறுக்காகச் சுற்றி முறுக்குங்கள். முறுக்கின் முனை வெளிப்பக்கம், கோழி படாத பக்கமாக மடங்கட்டும். ஒரு வரிசையே போயிருந்தால் அந்த வரிசையில் பாரம் விழுகிறது. கூண்டின் அடிப்பலகைக்கு நடுவில் தாங்கு கம்பி இருக்கிறதா பாருங்கள். பல இடங்களில் விட்டிருக்கிறது, கையால் இழுத்தாலே வருகிறது என்றால் அந்தச் சுருளே மோசம். இங்கே வலையை மாற்றத்தான் வேண்டும்.

ஜி.ஐ. கம்பியை வீட்டுக்குள் வெல்டு வைக்காதீர்கள். துத்தநாகப் புகையை இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டிங் பட்டறையில் கொடுங்கள். பூச்சு நீக்கி, காற்றோட்டத்தில் வைப்பவராகப் பாருங்கள். வெல்டு வைத்த இடத்தில் ஜிங்க் (துத்தநாக) பெயின்ட் அடித்துவிட்டுத்தான் கூண்டில் பொருத்த வேண்டும்.

எலி குஞ்சைத் தூக்கிப்போவது பற்று விட்டதால்தானா என்றும் ஒருமுறை பாருங்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும். ஒரு அங்குலக் கண் வலை கோழியை வெளியே விடாது, அவ்வளவுதான். கூண்டின் அடிப்பகுதியில் இரண்டடி உயரத்துக்குக் கால் அங்குலக் கண் வலையை உள்ளே சேர்த்துக் கட்டுங்கள்.

## துரு

நிறத்தைப் பாருங்கள், பாதி விடை அதில் இருக்கிறது.

வெள்ளைப் பொடி. ஜி.ஐ. வலையில் துத்தநாகம் ஈரத்தில் கரைகிறது, இரும்பு இன்னும் தப்பித்திருக்கிறது. நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, ஈரம் தேங்காத இடத்துக்கு மாற்றினால் நிற்கும்.

பற்றுப் புள்ளிகளில் மட்டும் பழுப்பு. பூசிய கம்பியை எடுத்துப் பிறகு வெல்டு வைத்த வலை. வெல்டு வைத்த புள்ளியில் பூச்சு எரிந்திருக்கும். வெல்டு வைத்த பிறகு முழுதாகத் துத்தநாகத்தில் முக்கிய வலையும் கிடைக்கிறது, விலை கூட. வெளியில் நிற்கும் கூண்டுக்கு அதுதான் லாபம். இருக்கும் வலையைக் காப்பாற்ற, புள்ளிகளைத் தேய்த்து ஜிங்க் பெயின்ட் தொட்டு வையுங்கள்.

வெட்டிய முனைகளில் பழுப்பு. இதுவும் ஜிங்க் பெயின்ட்டில் தீரும். வெட்டிய அன்றே அடிப்பது நல்லது.

எஸ்.எஸ். வலையில் தேநீர் நிறத்தில் கறை. பெசன்ட் நகர், தூத்துக்குடி, ராமேஸ்வரம் என்று கடற்கரையை ஒட்டியிருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, நைலான் நாரால் தேயுங்கள். போகாவிட்டால் வெந்நீரில் சிட்ரிக் ஆசிட் கரைத்துத் தடவி, சற்று ஊறவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். இரும்பு பிரஷ் தொடக்கூடாது. பிரஷின் இரும்புத் துகள் வலையில் ஒட்டி அதுவே துருவாகும். பக்கத்தில் இரும்பை அறுக்கும் கிரைண்டர் ஓட்டினால் தெறிக்கும் பொறியும் இதே வேலையைச் செய்யும்.

கழுவியும் திரும்பத் திரும்ப வந்தால் வலை எஸ்.எஸ்.ஸில் மலிவான 202 ரகமாக இருக்கலாம். அதைவிட நல்ல ரகமான 304 கூடக் கடல் காற்றில் கறை பிடிக்கும். 316 ரகத்தில் மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும். கடலை ஒட்டிய வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுத்தாவது அதை வாங்குங்கள் என்பேன். கடையில் காந்தத்தை வைத்துக் காட்டினால் அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். 304 கம்பியும் இழுத்து நெய்யும்போது லேசாகக் காந்தம் பிடிக்கும். பில்லில் ரகத்தின் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்.

திருகைச் சுற்றி மட்டும் துரு. வலை எஸ்.எஸ்., திருகு சாதா இரும்பு. திருகை எஸ்.எஸ்.ஸாக மாற்றுங்கள். அலுமினிய வலை சுவரோரத்தில் மட்டும் அரிக்கிறது என்றால் ஈரச் சிமென்ட்தான் காரணம். நடுவே ரப்பர் பட்டை கொடுத்துப் பொருத்துங்கள்.

## ஈயப் பற்று வைத்தால் பிடிக்கவில்லை

ஈயம் முத்து முத்தாக உருண்டு ஓடினால் கம்பியில் எண்ணெய் இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, மெல்லிய எமரித் தாளால் தேய்த்துவிட்டு மறுபடி வையுங்கள். அப்போதும் ஓடினால் சூடு போதவில்லை. பெரிய வலை முழுக்கச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும், சின்ன சால்டரிங் இரும்பு தாங்காது. எஸ்.எஸ். வலைக்குச் சாதா ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பூச்சு) வேலை செய்யாது. பாஸ்பாரிக் அமில ஃப்ளக்ஸ் வேண்டும், வேலை முடிந்ததும் கழுவிவிட வேண்டும்.

மாவு சலிக்கும் சல்லடை, எண்ணெய் வடிகட்டி போன்றவற்றுக்கு ஈயம் கலந்த பற்று வேண்டாம். ஓரத்தை மடித்து வளையத்தில் இறுக்கினாலே நிற்கும்.

## புதுக் கூண்டில் லவ் பேர்ட்ஸ் சோர்ந்து உட்கார்ந்திருக்கின்றன

இதில் சோதித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. பறவைகளை உடனே வேறு கூண்டுக்கு மாற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கூண்டு புது ஜி.ஐ. வலை என்பதையும், அவை கம்பியைக் கொறித்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். துத்தநாகம் வயிற்றில் சேர்ந்தால் பறவைக்கு விஷம்.

வலையில் திட்டுத் திட்டாகத் தளர்ந்த பூச்சும் ஒழுகி உறைந்த துளிகளும் இருக்கின்றனவா பாருங்கள். அரத்தால் அவற்றை நீக்கி, வினிகர் தொட்ட பிரஷால் முழு வலையையும் தேய்த்து, அலசி, வெயிலில் காயவைத்தால் ஆபத்து குறையும். முழுதாகப் போகாது. கொறிக்கும் பறவைக்கு எஸ்.எஸ். வலைதான் போட வேண்டும்.